செய்தியும் நூலும்

சென்னை மாநகரின் மேற்கே, ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பருத்திப்பட்டு என்னும் ஊர் உள்ளது. ஊரின் பெயரையே தாங்கிய ஏரி ஒன்று அங்கே விரிந்து கிடக்கிறது. ஏரியைத் தூய்மை செய்து, கரையில் நடைபாதை அமைத்து, 2019-ஆம் ஆண்டில் அதனை மக்கள் உலவும் பூங்காவாக ஆக்கினர். காலையில் முதியோர் நடக்கின்றனர். மாலையில் சிறுவர் விளையாடுகின்றனர். நீர்ப்பறவைகள் வந்து தங்குகின்றன. கரையில் நின்று நோக்குவார்க்கு நீர் அசைவற்றுத் தோன்றும். ஆயினும் ஏரி என்பது காட்சிப் பொருளாக எழுந்ததன்று. காலமறிந்து நீரைத் தேக்கவும் காலமறிந்து நீரைத் திறக்கவும் எழுந்தது.

தொண்டை நாடு ஏரிகள் மலிந்த நாடு. வற்றாத பேராறுகள் இல்லாத அந்நாட்டில் உழவு பெரிதும் ஏரியை நம்பியே நடந்தது. ஏரிநீரை வயல்களுக்குப் பகிர்ந்து விடுவதற்கென்றே ஊர்தோறும் ஒருவர் இருந்தார். அவரை நீர்க்கட்டி என்று அழைத்தனர். மடையின் அருகே நிற்பவர் அவர். ஆயினும் மடைநீர் அவருடையதன்று. திறக்கும் பொறுப்பு அவருடையது, நீரோ ஊராருடையது. அவர்தம் தொழிலின் அறம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருந்தது.

இங்கே ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். மழைக்காலத்து நள்ளிரவு. ஏரி நிரம்பி அலைமோதுகிறது. கரையைச் சுற்றிவரும் காவலர் ஒருவர், விளக்கொளியில் கரையில் ஒரு விரிசலைக் காண்கிறார். அவர் எழுத்து வன்மை உடையவர். 'எங்கள் ஊர் ஏரியின் வரலாறு' என ஒரு நூல் எழுதி வருபவர். விரிசலைக் கண்டதும் அவர் ஊருக்குள் ஓடவில்லை. தம் குறிப்பேட்டை எடுத்து, விரிசலின் நீளத்தையும் ஆழத்தையும் அழகுற எழுதிக்கொண்டார். "இஃது என் நூலின் சிறந்த பகுதியாக அமையும்" என்று எண்ணி உறங்கச் சென்றார். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. நடையிலும் குறை இல்லை. ஆயினும் அவரை நாம் பாராட்டுவோமா? கரை உடைந்து வீடுகள் அழிந்தபின் அந்நூல் வெளிவந்தால், அதன் ஒவ்வொரு பக்கமும் அவர்மீது சான்று கூறும் அன்றோ?

இது வெறுங்கற்பனை என்று தள்ளிவிடுதற்கில்லை. பூவிருந்தவல்லிக்கு அண்மையில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியை நீவிர் அறிவீர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் அவ்வேரி நிரம்பிற்று. நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டது, சென்னையின் தென்பகுதி நீரில் மூழ்கிற்று. ஏரி திறக்கப்பட்ட செய்தியைத் தம் வீட்டிற்குள் புகுந்த நீரைக் கண்டபின்னரே அறிந்ததாக ஆற்றங்கரை மக்கள் பலர் பின்னர்க் கூறினர். இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து சேரும் ஒரு சொல், முதியவர் ஒருவரை மாடிக்கு ஏற்றும். குழந்தையின் உயிரைக் காக்கும். அதே சொல் மறுநாள் வருமாயின் அது வரலாறு ஆகுமே அன்றி எச்சரிக்கை ஆகாது. செய்தியின் உயிர் காலத்தில் இருக்கிறது.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். திருக்குறளில் தூது என ஓர் அதிகாரமும் ஒற்றாடல் என ஓர் அதிகாரமும் உள்ளன. செய்தி கொணர்வதும் செய்தி உரைப்பதும் அரசின் உறுப்பாகிய பெருந்தொழில்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அந்நாளில் செய்தி மன்னனுக்கு உரியது. குடியாட்சியில் மக்களே மன்னர். ஆதலின் செய்தி அவர்களுக்கு உரியதாயிற்று. மன்னனிடம் செய்தியை மறைத்த ஒற்றன் குற்றவாளி ஆவான் எனின், மக்களிடம் மறைக்கும் செய்தியாளரை என்னென்பது?

தமிழ்நாட்டில் இவ்வுண்மையை உணர்ந்து உழைத்தவருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். நண்பர் ஐவருடன் சேர்ந்து 1878-இல் அவர் 'இந்து' இதழைத் தொடங்கினார். ஆங்கிலம் அறியாத மக்களுக்கும் நாட்டு நடப்புத் தெரிதல் வேண்டும் எனக் கருதி, 1882-இல் தமிழில் 'சுதேசமித்திரன்' இதழை நிறுவினார். கிழமை இதழாகப் பிறந்த அது 1899-இல் நாளிதழ் ஆயிற்று. கிழமைக்கு ஒருமுறை வருவது போதாது, நாள்தோறும் வருதல் வேண்டும் என்ற அவாவிற்குக் காரணம் யாது? செய்தி மக்களை விரைந்து சேர்ந்தாலன்றிப் பயன் இல்லை என்பதே. நாளிதழ் என்னும் பெயரிலேயே ஒரு வாக்குறுதி அடங்கியிருக்கிறது: "இன்று நான் அறிந்ததை நாளை நீ அறிவாய்" என்பதே அவ்வாக்குறுதி.

பருத்திப்பட்டுக்கு அண்டை ஊராகிய ஆவடியில் 1955-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் காங்கிரசுப் பேரவையின் மாநாடு நடைபெற்றது. நாட்டில் சமதர்ம முறையிலான சமுதாயம் அமைக்கப்படல் வேண்டும் என்னும் தீர்மானம் அங்கே நிறைவேறிற்று. ஆயிரக்கணக்கானோர் கூடிய பந்தலில் நிறைவேறிய அத்தீர்மானத்தை மறைக்க எவராலும் இயலாது. ஒருவர் எழுதாவிடின் மற்றொருவர் எழுதுவார். ஆனால், தனியறையில் ஒரு தலைவர் ஒரு செய்தியாளரிடம் மட்டும் ஓர் உண்மையைக் கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது அவ்வுண்மைக்கு ஒரே மடை அச்செய்தியாளர்தாம். அவர் திறந்தால் பாயும், மூடினால் தேங்கும். செய்தியாளரின் அறம் சோதிக்கப்படுவது அங்கேதான்.

செய்தியாளர் நூல் எழுதுதல் தவறு என்று எவரும் கருதற்க. செய்தித்தாள் ஒரு நாளின் நிகழ்ச்சியைக் காட்டும். நூல் அந்நிகழ்ச்சியின் வேரையும் கிளையையும் காட்டும். விரைந்து எழுதியதில் நேர்ந்த பிழையை நூல் திருத்தும். சிதறிக் கிடந்த செய்திகளை ஒருங்கு கோத்து உண்மையின் முழு உருவத்தைத் தரும். 1975 ஜூன் திங்கள் முதல் 1977 மார்ச்சுத் திங்கள் வரை நம் நாட்டில் நெருக்கடி நிலை நிலவியது. அப்பொழுது இதழ்கள் தணிக்கைக்கு உட்பட்டன. எழுத வேண்டிய பலவற்றை எழுத இயலவில்லை. தடை நீங்கியபின் அவை நூல்களாக வெளிவந்தன. அந்நூல்கள் நாட்டுக்குச் செய்த தொண்டு பெரிது. பிறர் பூட்டிய கதவை நூல் திறந்தது. நாம் இங்கு ஆராய்வது, தாமே கதவைப் பூட்டித் திறவுகோலை நூலின் விலையாக்கிய செயலை.

இதனை விளக்குதற்கு அமெரிக்க நாட்டுச் செய்தியாளர் ஒருவரின் வாழ்வே இருவேறு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. பாபு உட்வர்டு என்பார் 'வாஷிங்டன் போஸ்ட்' என்னும் நாளிதழில் பணியாற்றியவர். 1972-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், வாட்டர்கேட்டு என்னும் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தினுள் சிலர் கள்ளத்தனமாகப் புகுந்து பிடிபட்டனர். அச்செயலின் பின்னணியை உட்வர்டும் அவர்தம் தோழர் கார்ல் பெர்ன்ஸ்டீனும் துருவி ஆராய்ந்தனர். அறிந்ததை அறிந்தவாறே, உறுதி செய்து, தம் நாளிதழில் அவ்வப்பொழுது வெளியிட்டனர். அவர்கள் நூல் வெளிவந்தது 1974-இல். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் குடியரசுத் தலைவர் நிக்சன் பதவி விலகினார். முதலில் செய்தி, பின்னர் நூல். இதுவே நேரிய முறை.

அவர்களுக்கு மறைவாக உதவிய அதிகாரி ஒருவர் இருந்தார். அவர்தம் பெயரை உட்வர்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வெளியிடவில்லை. 2005-இல் மார்க் ஃபெல்ட் என்னும் அவ்வதிகாரி, அம்மறைவு மனிதர் தாமே என்று வெளிப்படுத்திய பின்னரே உலகம் அறிந்தது. இதுவும் மறைத்தலே, ஆயினும் பழிக்கத்தக்க மறைத்தல் அன்று. செய்தி மக்களைச் சேர்ந்தது. செய்தி தந்தவர் காக்கப்பட்டார்.

இனி மற்றொரு காட்சி. நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்தன. உலகப் புகழ்பெற்ற உட்வர்டு, அன்றைய குடியரசுத் தலைவர் டிரம்பைப் பற்றி நூல் எழுதத் தொடங்கினார். அதற்காக 2019 டிசம்பர் முதல் 2020 ஜூலை வரை அவருடன் பதினெட்டு முறை உரையாடினார். 2020 பிப்ரவரி 7-ஆம் நாள் உரையாடலில் டிரம்பு ஓர் அரிய செய்தியைக் கூறினார். சீனத்தில் தோன்றிய புதிய தொற்றுநோய் காற்றின்வழிப் பரவுவது என்றும், கடுமையான சளிக்காய்ச்சலினும் கொடியது என்றும் அவர் சொன்னார். மார்ச்சு 19-ஆம் நாள், மக்களிடையே கலவரம் எழாதிருக்க வேண்டி அந்நோயைச் சிறிதாகக் காட்டிப் பேசுவதையே தாம் விரும்புவதாகவும் கூறினார். உட்வர்டு அவற்றை ஒலிப்பதிவு செய்துகொண்டார்.

அந்நாளில் உலகின் நிலையை நினைந்து பாருங்கள். நம் நாட்டில் முதல் நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டு ஒரு கிழமையே ஆகியிருந்தது. பெருந்தொற்று என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது மார்ச்சு 11-ஆம் நாள். பொதுமக்கள் முகக்கவசம் அணிதல் வேண்டும் என அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிறுவனம் அறிவுறுத்தியது ஏப்ரல் 3-ஆம் நாள். பிப்ரவரித் திங்களில் மக்கள் திருமணங்களுக்குச் சென்றனர், கோவில்களில் கூடினர், முதியோரைச் சென்று கண்டனர். நாட்டின் தலைவர் மேடையில் ஒன்றும் தொலைபேசியில் மற்றொன்றும் கூறுகிறார் என்பதை அறிந்த செய்தியாளர் ஒருவர் இருந்தார். அவர்தம் ஒலிப்பதிவு பேழைக்குள் இருந்தது.

அச்செய்தி செப்டம்பர் 9-ஆம் நாள் வெளிவந்தது; நூல் செப்டம்பர் 15-ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. அதற்குள் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 1,90,000 பேர் அந்நோயால் மாண்டிருந்தனர். "பிப்ரவரியில் அறிந்ததைச் செப்டம்பரில் கூறுவதா?" என்னும் குரல் எங்கும் எழுந்தது. உட்வர்டைக் குறை கூறியவருள் அவர்தம் தொழிலைச் சேர்ந்தவர் பலர் இருந்தனர். கூற்று அத்துணைத் தீயதாயின் உடனே ஏன் வெளியிடவில்லை என்று டிரம்பும் வினவினார்.

ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்க்குமுன் அவர்தம் மறுமொழியைக் கேட்டல் நடுவுநிலைமை ஆகும். உட்வர்டு இரண்டு காரணங்கள் கூறினார். குடியரசுத் தலைவர் கூறியது உண்மையா என்பது பிப்ரவரியில் தமக்குத் தெரியவில்லை என்பது ஒன்று. அவர் எவ்விடத்திலிருந்து அச்செய்தியைப் பெற்றார் என்பதைப் பல திங்கள் கழித்தே தாம் உறுதி செய்ததாகக் கூறினார். நாள்தோறும் துண்டு துண்டாக எழுதுவதினும், முழு உண்மையையும் தேர்தலுக்கு முன்னர் மக்கள் கையில் தருவதே தம் கடமை எனக் கருதினார் என்பது மற்றொன்று.

முதற்காரணத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. உறுதி செய்யாத செய்தி, திறக்கக் கூடாத நேரத்தில் திறந்த மடைபோல ஊரை அழிக்கும். ஆயினும் இங்கே செய்தி, நோயின் தன்மை மட்டும் அன்று. நோயைப் பற்றித் தலைவர் உள்ளே கூறுவது வேறு, வெளியே கூறுவது வேறு என்பதும் செய்தியே. அதற்குச் சான்று தேட வேண்டுவதில்லை. அவர் குரலே சான்று. மே திங்களில் உறுதி பெற்றதாகவே கொள்வோம். மேக்கும் செப்டம்பருக்கும் இடையே நான்கு திங்கள் உள்ளனவே! இரண்டாம் காரணமோ இன்னும் மெலிந்தது. தேர்தல் நாள் நவம்பரில் வந்தது. நோய் நவம்பருக்காகக் காத்திருக்கவில்லை. முன்னரே வெளியிட்டிருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று எவராலும் அளவிட்டுக் கூற முடியாது. ஒருவேளை ஒன்றும் மாறாது போயிருக்கலாம். ஆயினும், அறிந்து தம்மைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பு மக்களுக்கு உரியது. அவ்வாய்ப்பை அவர்களுக்காகத் தாமே எடைபோட்டு விலக்கும் உரிமை ஒரு நூலாசிரியருக்கு இல்லை.

செய்தி பிந்துதல் எல்லாவிடத்தும் ஒரே தன்மையது அன்று. நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். 1987-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே எல்லையில் படைகள் குவிந்து பதற்றம் நிலவியது. அந்நாளில், ஜனவரி 28-ஆம் நாள், இந்தியச் செய்தியாளர் குல்தீப் நய்யார், பாகிஸ்தானின் அணு அறிவியலாளர் அப்துல் காதிர் கானைச் சந்தித்தார். அணுகுண்டு செய்யும் ஆற்றல் தம் நாட்டுக்கு வந்துவிட்டது என்னும் கருத்துப்படக் கான் பேசினார். அச்செய்தி இலண்டன் நகர 'அப்சர்வர்' இதழில் வெளிவந்தது மார்ச்சு முதல் நாளில்தான். அதற்குள் இரு நாடுகளும் படைகளை விலக்கிக்கொள்ள உடன்பட்டிருந்தன.

இங்கே தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. நாட்டின் பாதுகாப்பைத் தொட்ட செய்தியை ஒரு திங்களுக்கு மேலாக வெளியிடாதிருத்தல் தகுமா என ஒரு சாரார் வினவலாம். போர்முனையில் இரு படைகள் எதிரெதிர் நிற்கும்போது, ஒருவர் வாய்மொழியை ஆராயாமல் அச்சிட்டிருந்தால் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாகியிருக்கும் எனப் பிறிதொரு சாரார் விடை கூறலாம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆதலின் 'உடனே வெளியிடுக' என்பதொன்றே அறமாகிவிடாது. எதற்காகக் காத்திருந்தார் என்பதைக் கொண்டே காத்திருந்தவரை அளத்தல் வேண்டும்.

சில வேளைகளில் நூலே செய்தித்தாளைத் தட்டி எழுப்புவதும் உண்டு. அமெரிக்க அரசு நீதிமன்ற ஆணையின்றித் தன் நாட்டில் வாழ்வோரின் உரையாடல்களை ஒற்றுக் கேட்கிறது என்பதை, 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் செய்தியாளர்களாகிய ஜேம்ஸ் ரைசன், எரிக் லிச்சிட்பிளவ் ஆகிய இருவரும் 2004-இல் அறிந்தனர். அரசின் வேண்டுகோளுக்கு இணங்கி அந்நாளிதழ் அதனை ஓராண்டுக்கு மேலாக வெளியிடாது வைத்திருந்தது. ரைசன் தாம் எழுதிய நூலில் அச்செய்தியைச் சேர்த்துவிட்டார். நூல் 2006 ஜனவரியில் வெளிவர இருந்தது. அதற்கு முன்பாக, 2005 டிசம்பர் 16-ஆம் நாள், நாளிதழ் அதனை வெளியிட்டது. இங்கே மடையை மூடியது செய்தித்தாள். திறக்கச் செய்தது நூல். ஆகவே செய்தித்தாள் என்றும் நல்லது, நூல் என்றும் தீயது எனப் பாகுபாடு செய்தல் பிழையாம்.

நம் சென்னை நாளிதழோடு தொடர்புடைய ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சுவீடன் நாட்டின் போஃபர்சு நிறுவனத்திடம் 1986-இல் நம் அரசு பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் செய்தது. அதில் கையூட்டு வழங்கப்பட்டது என 1987 ஏப்ரல் 16-ஆம் நாள் சுவீடன் வானொலி அறிவித்தது. ஜெனீவா நகரில் வாழ்ந்த சித்ரா சுப்பிரமணியம் என்னும் செய்தியாளர் அதன் ஆவணங்களைத் தேடிப் பெற்றார். 1988 முதல் 'இந்து' நாளிதழ் அவற்றை வெளியிட்டது. 1989-இல் அத்தொடரை மேலும் வெளியிடுவது பற்றி இதழினுள்ளே கருத்து வேறுபாடு எழுந்து, தொடர் நின்றது. அவ்வேளையில் அவ்வம்மையார், "எஞ்சிய ஆவணங்கள் என் நூலுக்கு ஆகட்டும்" என்று பேழையில் வைத்துப் பூட்டவில்லை. பிற இதழ்களை நாடி அவற்றை வெளியிட்டார். அவர்தம் நூல் வெளிவந்தது 1993-இல். ஆவணங்களைத் தந்தவர் சுவீடன் காவல்துறை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்டிராம் என்பதோ 2012-இல்தான் வெளிப்பட்டது. செய்தி தாமதிக்கவில்லை, நூல் பொறுமையாக வந்தது, செய்தி தந்தவர் பெயர் அவர் இசையும்வரை காக்கப்பட்டது. எதை எப்பொழுது கூறுதல் வேண்டும், எதை எப்பொழுது கூறாதிருத்தல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு பாடமாகும்.

மறைத்தல் பண்பாகும் இடமும் உண்டு என்பதற்கு மற்றொரு சான்று மௌலானா ஆசாத்து. 1912-இல் 'அல்-ஹிலால்' என்னும் இதழை நடத்தி ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் அவர். விடுதலைப் போராட்டத்தைப் பற்றி அவர் சொல்ல எழுதப்பட்ட நூல், அவர் மறைந்த மறு ஆண்டு, 1959-இல் வெளிவந்தது. ஆயினும் ஏறத்தாழ முப்பது பக்கங்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அவை கல்கத்தா தேசிய நூலகத்திலும் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் முத்திரையிட்டு வைக்கப்பட்டன. முப்பது ஆண்டுகள் கழிந்து, 1988-இல் அவை திறக்கப்பட்டன. உடனிருந்த தலைவர்களைப் பற்றிய அவர்தம் கருத்துகளே அப்பக்கங்களில் பெரிதும் இடம்பெற்றிருந்தன. அவை முப்பது ஆண்டுகள் பிந்தியதால் ஓர் உயிரும் போகவில்லை. உயிரோடு இருந்தோர் மனம் புண்படாது காக்கப்பட்டது. வரலாறும் தன் பங்கை இழக்கவில்லை.

உட்வர்டின் ஏழு திங்களையும் ஆசாத்தின் முப்பது ஆண்டுகளையும் ஒப்பிட்டு நோக்குக. நீண்ட காலம் மறைத்தவர்மீது பழி இல்லை. குறுகிய காலம் மறைத்தவர்மீது பழி எழுந்தது. காரணம் வெளிப்படை. கருத்து காத்திருக்கலாம், எச்சரிக்கை காத்திருத்தல் ஆகாது. நேற்றைய நிகழ்ச்சியைப் பற்றிய மதிப்பீடு நாளடைவில் கனியும். நாளைய தீங்கைப் பற்றிய அறிவிப்பு நாளடைவில் அழுகும்.

இவற்றிலிருந்து செய்தியாளர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய மூன்று வினாக்களை நாம் பெறுகிறோம். "நான் அறிந்தது உண்மையென உறுதியாயிற்றா?" என்பது முதல் வினா. ஆகவில்லை எனின் காத்திருத்தல் கடமை; ஆயிற்று எனின் அக்காரணம் அன்றோடு முடிந்தது. "இது பிந்துவதால் எவர்க்கேனும் தீங்கு நேருமா? அத்தீங்கைப் பின்னர் ஈடுசெய்ய இயலுமா?" என்பது இரண்டாம் வினா. பொருள் இழப்பை ஈடுசெய்யலாம். உயிர் இழப்பை ஈடுசெய்யலாகாது. "என் மௌனம் காப்பது யாரை?" என்பது மூன்றாம் வினா. நம்பிச் செய்தி தந்த எளியவரைக் காக்குமாயின் அது வாய்மையோடு ஒத்த மௌனம். தம் நூலின் விற்பனையையும் தம் புகழையும் காக்குமாயின், அதற்கு எப்பெயர் இட்டாலும் அறம் என்னும் பெயர் பொருந்தாது.

"நூலுக்கென்று பேசுவதாகச் சொன்னதனால்தானே அத்தலைவர் மனம் திறந்தார்? இல்லையேல் அச்செய்தியே கிடைத்திராதே!" என்று சிலர் கேட்பர். வாக்குறுதி காக்கத்தக்கதே. ஆயினும் மருத்துவரும் நோயாளியின் மறைபொருளைக் காப்பவர்தாம். அந்நோய் ஊரில் பரவும் கொள்ளைநோய் எனக் கண்டால், அதனை உரிய அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர் அவர். ஒருவருக்கு அளித்த வாக்கு, பல்லாயிரவர் உயிருக்கு எதிராக நிற்குமாயின் அவ்வாக்கின் எல்லை அங்கே முடிகிறது. அறிவுடைய செய்தியாளர், வாக்கு அளிக்கும்போதே அவ்வெல்லையையும் சேர்த்துக் கூறிவிடுவார்.

மாணவர்களே! நீவிர் அனைவரும் செய்தியாளர் ஆகப் போவதில்லை. ஆயினும் செய்தி உம் கைக்கும் வந்து சேரும். உடன் பயிலும் மாணவன் ஒருவன் துன்பத்தில் உழல்வதை நீவிர் மட்டும் அறிய நேரலாம். அறுந்து தொங்கும் மின்கம்பியை நீவிரே முதலில் காணலாம். "தக்க சமயத்தில் கூறி வியப்பூட்டுவேன்" என்று உள்ளம் சொல்லும். பிறர் அறியாததைத் தாம் மட்டும் அறிந்திருத்தல் ஒருவகை இன்பம். அவ்வின்பம் இளமையில் சிறு விளையாட்டாகத் தோன்றும். வளர்ந்தபின் வாணிகமாக மாறும். அதனை இப்பொழுதே அடக்கிப் பழகுதல் நன்று.

பருத்திப்பட்டு ஏரியைச் சூழ இருந்த வயல்களின் இடத்தில் இன்று வீடுகள் நிற்கின்றன. நீர்க்கட்டியின் தொழிலும் அருகிவிட்டது. ஆயினும் மழைக்காலத்து இரவில் ஏரி நிரம்பும்போது, கரையை நோக்கி அஞ்சும் மனம் மாறவில்லை. அன்று கரைமேல் நடப்பவர் எவராயினும், விரிசலைக் கண்டால் முதலில் ஊரை எழுப்பட்டும். பொழுது விடிந்து, மழை ஓய்ந்து, மக்கள் தத்தம் வீட்டில் நலமாக இருக்கும்போது, அவர் தம் குறிப்பேட்டைத் திறந்து அமைதியாக எழுதட்டும். அந்நூலைப் படிக்க ஊரார் உயிரோடு இருப்பர்.

அருஞ்சொற்பொருள்

மடை - ஏரிநீர் வெளிவரும் வாயில்
நீர்க்கட்டி - ஏரிநீரை வயல்களுக்குப் பகிர்ந்து விடுபவர்
ஒற்றன் - மறைவாகச் செய்தி அறிந்து வருபவன்
திங்கள் - மாதம்
கிழமை இதழ் - வாரத்திற்கு ஒருமுறை வரும் இதழ்
தணிக்கை - வெளியிடுமுன் ஆராய்ந்து நீக்குதல்
கையூட்டு - இலஞ்சம்
பேழை - பெட்டி

வினாக்கள்

1. நீர்க்கட்டியின் தொழிலுக்கும் செய்தியாளரின் தொழிலுக்கும் உள்ள ஒப்புமை யாது?
2. உட்வர்டு 1972-இல் செய்ததற்கும் 2020-இல் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. உட்வர்டு கூறிய காரணங்கள் இரண்டையும் எழுதி, அவை பற்றி நும் கருத்தைக் கூறுக.
4. "கருத்து காத்திருக்கலாம், எச்சரிக்கை காத்திருத்தல் ஆகாது." இதனை ஆசாத்தின் நூலைக் கொண்டு விளக்குக.
5. குல்தீப் நய்யார் செய்தியை உடனே வெளியிட்டிருத்தல் வேண்டுமா? இருபக்கத்துக் காரணங்களையும் எழுதி வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.